கல்வராயன் மலைக்கு ஒரு பித்தளைப் பானை

எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்தார். நடத்துநர் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பார்த்ததில் எதுவும் சரியாகவில்லை. பெண்கள் எல்லோரும் புளியமரத்து நிழலில் ஒதுங்கினோம். மற்றவர்கள் கையில் பை இருந்தது. என் இடுப்பில் சாக்கு சுற்றிய ஒரு பித்தளைப் பானை இருந்தது.

"இன்னாம்மா அது, அவ்ளோ பெருசா?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். பானை என்றேன். "பானைய எடுத்துக்கினு எங்க போற?" கள்ளக்குறிச்சிக்கு, தங்கச்சி வீட்டுக்கு என்றேன். "ஏன், அங்க பானை கெடைக்காதா?" நியாயமான கேள்வி. தூத்துக்குடியில் கிளம்பியதிலிருந்து அதைத்தான் நானும் என்னிடமே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பானை அம்மாவுடையது. என் தங்கை செல்வி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கே ஏழுமலை என்கிற கள்ளக்குறிச்சிக்காரரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அம்மா சீரும் கொடுக்கவில்லை, பேச்சும் கொடுக்கவில்லை. போன மழைக்காலத்தில் கல்வராயன் மலைப்பாதை வளைவு ஒன்றில் லோடு வண்டி கவிழ்ந்து ஏழுமலை இறந்துபோனார். அதற்கும் அம்மா வரவில்லை. சில மாதம் எதுவும் பேசாமல் இருந்தவள், திடீரென்று ஒரு நாள் பரணிலிருந்து இந்தப் பானையை இறக்கச் சொன்னாள். புளி போட்டுத் துலக்கினாள். உள்ளே புதிதாக ஈயம் பூசி வாங்கி வந்தாள். சீர்ப் பானையை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று அரிசி நிரப்பி, அதன் நடுவில் ஒரு கருப்பட்டியும் மஞ்சளும் குங்குமப் பொட்டலமும் வைத்து வாயைக் கட்டினாள்.

கட்டிவிட்டுச் சொன்னாள்: "முதல்ல அவள இங்க வரச்சொல்லிக் கேளு. வாரேன்னு சொன்னான்னா பானைய அப்படியே திருப்பிக் கொண்டாந்துரு, இங்கனயே அவளுக்குப் பொங்கிப் போடுதேன். வரமாட்டேன்னு சொன்னா மட்டும் குடுத்துட்டு வா. அவ இருக்குத எடத்துக்கு நான் குடுக்குத சீரா இருக்கட்டும்."

ஆகவே என் வேலை செல்வியைக் கூட்டி வருவது. பானை என் கையை விட்டுப் போனால் தங்கையும் போனாள். இது தெரிந்ததால் அந்தப் புளியமரத்தடியில் அதைத் தரையில் இறக்கி வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. இடுப்பு கடுத்ததுதான் மிச்சம். கடைசியில் பின்னால் வந்த வேறொரு பேருந்தில் எங்களை ஏற்றி அடைத்தார்கள். பானைக்கு இடம் இல்லை என்று புது நடத்துநர் முறைத்தார். என் மடியில்தானே இருக்கிறது, உங்கள் மடியிலா இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சி வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

செல்வி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். "இன்னாக்கா, இவ்ளோ லேட்டு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கழுத்தில் தாலி இல்லாததைப் பார்க்க மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அந்த 'இன்னாக்கா'வுக்கு நான் தயாராக இல்லை. எங்கள் தெருவில் 'ஏ யக்கா' என்று கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடிவந்த வாய் இது. போனில் பேசும்போது எங்கள் ஊர் பாஷைதான் பேசுவாள். எனக்காகப் பேசியிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவள் வாடகைக்கு இருந்தது ஒரே அறையும் ஒரு சமையல் தடுப்பும். எனக்காக ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு ஏரி மீனில் சேற்று வாடை அடிக்கும். ஆனால் குழம்பு பிரமாதம். நான் கொண்டுபோயிருந்த கருவாட்டை மோந்து பார்த்துவிட்டு உடனே மூடி வைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சாக்குல இன்னாக்கா?" என்றாள். தையல் கடைக்காரி நான், வாய்க்கு வந்த பொய்யாக, வாடிக்கையாளர் ஒருவருக்குப் போகிற வழியில் கொடுக்க வேண்டிய சாமான் என்றேன். கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

சாப்பிட்ட பிறகு அவளே விஷயத்துக்கு வந்தாள். மலைமேல் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒருவர் கூடாரங்கள் போட்டு, சென்னை, பெங்களூரு, பாண்டிச்சேரிக் கூட்டத்தைச் சனி ஞாயிறுகளில் தங்க வைக்கிறார். வருகிறவர்களுக்கு வெட்டவெளியில் விறகு மூட்டிச் சமைத்துப் போட வேண்டும். ஏழுமலை அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அந்த வேலையைச் செல்வி கேட்டிருக்கிறாள். வருகிற சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சமைத்துக் காட்டு, அவர்கள் திருப்தியாகச் சாப்பிட்டால் வேலை உனக்கு, தங்க ஓர் அறையும் உண்டு. இல்லாவிட்டால் சேலத்திலிருந்து ஒரு மாஸ்டர் வரத் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

"கெடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"கெடைக்கலன்னா இன்னா பண்றது? இந்த வூட்ட காலி பண்ணிட்டு உங்கூட வந்துர வேண்டியதுதான்."

சட்டென்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டதால் அது போய்விடவும் இல்லை.

சமைக்க ஆள் இருந்தாள், ஏனம் இல்லை. பாத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஏனம் என்கிறார்கள். ஏழுமலையின் ஏனங்கள் எல்லாம் அன்றைக்கு வண்டியில் அவரோடு இருந்தவை. நசுங்கியதைச் சாக்கில் கட்டி யாரோ வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அவள் பிரித்தே பார்க்காமல் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கடைவீதிக்குப் போனோம். வெயில் ஏறுவதற்கு முன்பே வேர்த்துக் கொட்டியது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் கடல் காற்று வந்து ஒரு தடவையாவது முகத்தைத் துடைத்துவிட்டுப் போகும். இங்கே காற்றும் அடுப்படியிலிருந்து வருவதுபோல இருந்தது.

பாத்திரக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வண்ண அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கறுப்புப் பாத்திரங்கள். "மலைக்குப் போற டூரிஸ்ட்டுங்க எல்லாம் இதத்தாம்மா வாங்கிக்கினு போறாங்க. ஒட்டவே ஒட்டாது."

"கைப்பிடி பிளாஸ்டிக்குங்க. வெறவு அடுப்புல வச்சா அது கையிலதான் ஒட்டும்" என்றாள் செல்வி.

பெட்டி உள்ளே போனது. அதன் பிறகு அவள் கடையைக் குடைந்த குடைச்சலைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, விரல் முட்டியால் தட்டி, காதருகில் வைத்துக் கேட்டாள். சோற்றுக்கு அலுமினியத் தேக்சா எடுத்தாள். அடி தட்டையாக இருந்தால் மூன்று கல் அடுப்பில் வழுக்கும் என்று, அடி கொஞ்சம் குழிந்து உருண்டதாகப் பார்த்து எடுத்தாள். வறுக்க ஓர் இரும்பு வாணலி. கைப்பிடிக் காதைப் பற்றவைத்து ஒட்டியதை எல்லாம் தள்ளிவிட்டாள். விறகுத் தீயில் பற்று விட்டுப்போகும், ஆணி அடித்துத் தட்டினதுதான் நிற்குமாம். கடைக்காரருக்கு முதலில் எரிச்சல், பிறகு ஆர்வம். கடைசியில் அவரும் தட்டித் தட்டிக் கேட்க ஆரம்பித்தார்.

சிக்கல் குழம்பு ஏனத்தில் வந்தது. புளி விடுகிற குழம்புக்கு அலுமினியம் ஆகாது, நிறம் கறுத்து நாக்கில் ஒரு மாதிரி கரிக்கும். எவர்சில்வர் குண்டான்கள் எல்லாம் அடி மெலிந்தவை. விறகுத் தீயில் கண்ணிமைக்கிற நேரத்தில் அடிப்பிடித்துவிடும். "கெட்டியா ஒண்ணு இருந்தா பரவால்ல. பித்தளைல ஈயம் பூசனது ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறாங்க? ஈயம் பூசற ஆளே எப்பயாச்சும்தான் இந்தப் பக்கம் வராரு" என்றார்.

கட்டிலுக்கு அடியில் இருப்பது என் தொண்டை வரை வந்தது. நான் கடை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "போவுது வுடுக்கா, வூட்ல ஒரு பழைய குண்டான் கெடக்குது, அத வச்சி ஓட்டிக்கலாம்" என்று அவளே சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வாங்கினதை நேரே ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனோம். தேக்சா மூடியின் பிளாஸ்டிக் குமிழைக் கழற்றிவிட்டு, போல்ட்டும் வாஷரும் போட்டு, கம்பியை முறுக்கி ஒரு வளையம் மாட்டினார்கள். குச்சியால் கொக்கி போட்டுத் தூக்கிக்கொள்ளலாம். தேக்சாவின் விளிம்புக்கு அருகில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து ஆணி தட்டி, வாளிக்கு இருப்பதுபோல் ஒரு வளைகம்பி. "இன்னும் மேல போடுங்க. கீழ போட்டா ஒல கொதிக்கிறப்ப அந்தத் தொளை வழியா கஞ்சி ஊத்தும்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த கரண்டியின் காம்போடு ஒரு முழ நீளக் கம்பியைப் பற்ற வைத்தார்கள்.

பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "ஏழுமலையும் கரண்டிக்கு இத்தன நீட்டுதான் கேப்பாப்ல" என்றார். முகமூடியை இறக்கிக்கொண்டார். செல்வி திரும்பி நின்று, பக்கத்துக் கடையில் தொங்கிய டயரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

மத்தியானம் ஜீப்பில் மலைக்குக் கிளம்பினோம். சாக்குமூட்டையை வீட்டிலேயே வைக்கலாமே என்றாள். பூட்டின வீட்டில் வேண்டாம் என்று மடியில் வைத்துக்கொண்டேன். "அப்டி இன்னாதான்க்கா வச்சிருக்க, தங்கமா?" என்று சிரித்தாள். வழியில் ஒரு வளைவு வந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே அது எந்த வளைவு என்று தெரிந்துவிட்டது. ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார், செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வளைவு தாண்டியதும் கையை எடுத்துக்கொண்டாள். அந்த வளைவு வழியாக வாராவாரம் ஏறி இறங்கப் போகிறாளா இவள் என்று நினைத்ததும் மடியிலிருந்த மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாதை வளைந்ததாலும் இருக்கலாம்.

மேலே காற்று குளிர்ந்திருந்தது. மரவள்ளிக் கொல்லைகளும் பலா மரங்களுமாக இருந்த சரிவில், நீலமும் ஆரஞ்சுமாகக் கூடாரங்கள் நின்றன. கூடார முதலாளி தொப்பி போட்டுக்கொண்டு போனிலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையசைத்தார். உதவிக்கு சின்னப்பொண்ணு என்று ஒரு மலைவாசிப் பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வந்ததும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தாள். சாமை நான் அதற்கு முன்பு தின்றதில்லை. முதல் கவளம் தொண்டையில் சொரசொரத்தது, மூன்றாவது கவளத்தில் இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

சாயந்திரம் செல்வி ஒத்திகை பார்த்தாள். ஓடைச் சேற்றையும் சாம்பலையும் குழைத்து, எல்லா ஏனத்துக்கும் வெளிப்புறம் கனமாகப் பூசினாள். இப்படிப் பூசினால் கரி ஏனத்தில் ஏறாமல் மண்ணில் ஏறும், கழுவும்போது மண்ணோடு கழன்றுவிடும். தேக்சாவில் சோறு பொலபொலவென்று வந்தது. வாணலியும் சரியாக இருந்தது. குண்டானில்தான் மோசம். சாம்பார் கொதிக்க ஆரம்பித்து, அவள் விறகை இழுக்கப் போன நேரத்துக்குள் அடி பிடித்துவிட்டது. ஊற்றிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி தீய்ந்த வாடை. குண்டானை இறக்கி வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் இப்டி ஆச்சின்னா அவ்ளோதான்" என்றாள்.

நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். நாளைக்குச் சாம்பார் தீயும், சேலத்து மாஸ்டர் வருவார், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பேருந்தில் உட்கார்ந்திருப்போம், அம்மா உலை வைப்பாள். படுத்த பிறகும் இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் வந்தது. அவள் அந்தத் தீய்ந்த குண்டானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முதுகு மட்டும் நடுவில் வந்து கெடுத்தது.

விடிந்ததும் சாக்கைப் பிரித்தேன். அவள் பல் துலக்கிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். அந்தப் பானையை அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குவது.

"அம்மா குடுத்து விட்டா. நீ ஊருக்கு வரமாட்டேன்னு சொன்னா மட்டும் குடுக்கச் சொன்னா" என்றேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நான் எப்ப வரமாட்டேன்னு சொன்னேன்? நீ இன்னும் கேக்கவே இல்லியே."

உண்மைதான். மூன்று நாளாகப் பக்கத்திலேயே இருந்தும், பதில் என்னவாக இருக்கும் என்ற பயத்தில் நான் கேட்கவே இல்லை. "வாரியாட்டி?" என்றேன்.

அவள் பானையை மடிக்கு இழுத்து, கட்டைப் பிரித்து, அரிசியைக் கைகையாக அள்ளி முறத்தில் போட்டாள். கருப்பட்டி வந்ததும் ஒரு ஓரத்தைக் கடித்தாள். கடைசி மணி வரை வழித்து எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். "ஈயம் நல்லா பூசியிருக்குது" என்றாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் விருந்தாளிகள் வந்தார்கள். பாட்டுப் பெட்டி, கறுப்புக் கண்ணாடி, கூடாரத்துக்கு முன்னால் நின்று போட்டோ. ஒருத்தர், "அடுப்பு செம ஆத்தன்டிக்கா இருக்குல்ல" என்று இன்னொருத்தரிடம் சொன்னார். மூன்று கல்லுக்கு இத்தனை மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாய ஆரம்பிக்கவும் செல்வி அடுப்புகளை மூட்டினாள். ஒன்றில் சோறு, ஒன்றில் கோழி. மூன்றாவதில் தீ நன்றாகப் பிடித்து எரிந்ததும் பானைக்கு வெளியே மண் பூசி, தூக்கிக் கல்மேல் வைத்தோம். சின்னப்பொண்ணு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தண்ணீரை ஊற்றப் போனவளை நான்தான் நிறுத்தினேன். "ஏட்டி, முதல்ல பொட்டு வை. புதுசா ஈயம் பூசி அடுப்பேறுத பானை." அம்மா கொடுத்துவிட்ட மஞ்சளையும் குங்குமத்தையும் நீட்டினேன். வெறும் பானைக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றுவோம்.

"நீ வைக்கா."

"ஒம் பானை. நீ வை."

"நான் வைக்கக் கூடாதுக்கா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எல்லாருந்தான் சொல்றாங்க. இங்க எந்த வூட்லயும் நல்லது கெட்டதுக்கு என்னக் கூப்புடறதில்ல. நல்ல காரியத்துக்கு நான் பொட்டு வச்சா வெளங்காது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்றே தெரியாத கோபம். இந்த ஊரா, எங்கள் ஊரா, பானையில் குங்குமம் வைத்து அனுப்பிய அம்மாவா? சோறு பொங்க உனக்குக் கை இருக்கிறது, பொட்டு வைக்க மட்டும் கை இல்லையா என்று கத்தினேன். அவளும் கத்தினாள். "உனக்கு இன்னாக்கா, நீ ரெண்டு நாள் இருந்துட்டு போயிடுவ!" குங்குமம் என் உள்ளங்கையில் வேர்வையில் குழைந்துகொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் உதறினாள், மறுபடி இழுத்தேன்.

"ஏங்க, ஏனம் காயுதுங்க" என்றாள் சின்னப்பொண்ணு. எங்கள் இரண்டு பேருக்குமே அது காதில் ஏறவில்லை. "ஏங்க!" என்று அவள் எழுந்து ஓடிவந்தாள்.

பானைக்குள்ளிருந்து படபடவென்று ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். பானையின் உட்சுவர் வேர்த்ததுபோல் மினுமினுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, அடியில் உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்தது. காட்டு விறகின் தீயில் வெறும் பானையின் ஈயம் உருகி ஓடிவிட்டது.

"ஏ யக்கா!" என்றாள் செல்வி. நான் ஊரிலிருந்து வந்த பிறகு முதன்முதலாக.

ஈரச் சாக்கைப் போட்டுப் பிடித்து இறக்கினோம். ஆறிய பிறகு பார்த்தால் உள்ளே திட்டுத்திட்டாக மஞ்சள் பித்தளை. அதில் புளிக் குழம்பு வைத்தால் களிம்பு ஏறி, சாப்பிடுகிறவர்களுக்கு வாந்திதான். செல்வி பானையைத் தொடவில்லை. "இத்தன வருசம் கழிச்சி குடுத்தா. இதுவும் எனக்குத் தங்கல பாத்தியா?" என்றாள். நான் குங்குமக் கையைப் புல்லில் துடைத்தேன். அது போகவில்லை.

அந்தப் பக்கம் விருந்தாளிகள் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தார்கள். முதலாளி தூரத்திலிருந்து கையைத் தூக்கி, ரெடியா என்று சைகை காட்டினார். செல்வி பழைய குண்டானைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் கைவிட்டது தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"தோசைக்கல்லு இருக்கா?" என்று என் வாய் கேட்டது.

பிரியாணியைத் தம் போட அம்மா தோசைக்கல்லை அடியில் கொடுப்பாள். தீ நேராகப் படாது, கல் சூட்டில் நிதானமாக வேகும். சின்னப்பொண்ணு ஓடிப்போய் அவள் வீட்டுக் கனத்த இரும்புக் கல்லைக் கொண்டுவந்தாள். மூன்று கல்லின்மேல் அதை வைத்து, அதன்மேல் குண்டானை வைத்தோம். குண்டான் சிறியது என்பதால் சாம்பாரை இரண்டு தடவையாகக் காய்ச்ச வேண்டியிருந்தது. செல்வி நீளக் கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருந்தாள், நான் விறகை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சாப்பாடு தாமதமானது. ஒருத்தர் வந்து, பசி உயிர் போகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் தீயவில்லை.

இலை போட்டதும் அடுப்படியிலிருந்து அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கோழியைத்தான் கேட்டார்கள். பிறகு ஓர் ஆள் சாம்பார் கேட்டார். பிறகு இன்னொருவர். குண்டான் காலியாகி வந்தது. முதலாளி கடைசியாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "டைம் கொஞ்சம் பாத்துக்கோம்மா. மத்தபடி ஓகே. அடுத்த வாரம் சாமான் எடுத்துக்கினு மேல வந்துரு" என்றார். போன் மணி அடித்தது, போய்விட்டார்.

செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியும். நான் எதற்கு அழுதேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். சின்னப்பொண்ணு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு, தன் தோசைக்கல்லைத் தேய்க்க எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்தபோது அவளே பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "இங்க ஈயம் பூச ஆள் எப்ப வருவாருன்னே தெரியாது. நம்மூர்ல பூசிக் குடுத்தனுப்பு. குழம்புக்கு எனக்கு இதான் வோணும்" என்றாள். அந்த 'நம்மூர்' ஒன்றுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல். பானையை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். "அம்மாகிட்ட போன்ல மொதல்லயே சொல்லிடுக்கா. பானைய பாத்தா வேற மாதிரி நெனச்சுக்கும்."

உளுந்தூர்பேட்டை வருவதற்குள் போன் போட்டேன். செல்விக்கு மலைமேல் வேலை கிடைத்துவிட்டது, அவள் வரவில்லை, ஈயம் உருகிவிட்டது, பூசி வாங்கத்தான் பானையைக் கொண்டு வருகிறேன் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேருந்துச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். "அதான் சொல்லிட்டியே, சரி" என்றாள் அம்மா. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

தூத்துக்குடியில் காலையில் ஆட்டோ வீட்டு வாசலில் நின்றபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். என் மடியிலிருந்த பானையைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டுவாள் என்று தூக்கிக் காட்டினேன். அவள் என்னைத் தாண்டி, ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், குனிந்து உள்ளே பார்த்தாள். சீட்டில் என் பை மட்டும் இருந்தது. ஆட்டோக்காரர், "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் அம்மா. "சாமான் எதையும் விட்டுட்டாளோன்னு பாத்தேன்."